பூரியின் முடியும் கறுப்பு டேங்கும்

ராஜலட்சுமி அக்காவைப் பற்றி யாராவது "பாவம், நல்ல பொம்பளை" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நல்லவள்தான். ஆனால் பாவம் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் கிடையாது. ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் பைக் பெட்ரோல் டேங்குக்கு வண்ணம் அடிக்கிறவள் அவள். அடித்து வரும் டேங்கை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்குவது என் வேலை. ஜூஜுவாடியில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு, ஒரே கம்பெனி பஸ். அவள் சங்கதியில் எனக்குத் தெரியாதது குறைவு. தெரியாததையும் கேட்டுத் தெரிந்துகொண்டுவிடுவேன்.

அவளுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். முத்துக்குமாரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது ஓசூர்க் குளிரும் பிடிக்கவில்லை, வீட்டில் சும்மா இருப்பதும் பிடிக்கவில்லை. குளிரை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் வேலைக்கு வந்துவிட்டாள். முதலில் பேக்கிங். பிறகு டேங்கை உப்புத்தாளால் தேய்க்கிற இடம். அங்கே நின்றுகொண்டே பெயிண்ட் பூத்தின் கண்ணாடி வழியாக ஸ்ப்ரே கன் பிடிக்கிறவர்களின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் ஆள் வரவில்லை. "நான் அடிச்சுப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கழித்துப் போட்ட டேங்க் ஒன்றைக் கொடுத்தார்கள், வீணானால் வீணாகட்டும் என்று. பெயிண்ட் எங்கும் வழியாமல், எங்கும் வற்றாமல் உட்கார்ந்தது. சிரித்தவர்கள் அந்த டேங்கைத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தார்கள். இப்போது கறுப்பு டேங்க் என்றாலே அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். கறுப்பில் எந்தத் தப்பும் ஒளியாது, அதனால்.

பூரி அவள் வீட்டு நாய். எல்லையோர சர்வீஸ் ரோட்டில், பூரி விற்கிற தள்ளுவண்டிக்கு அடியில் கிடந்தது. லாரிச் சக்கரம் உரசிப் பின்னங்கால் ஒன்று பிய்ந்திருந்தது. அக்கா துப்பட்டாவில் சுற்றித் தூக்கிவந்து, அத்திப்பள்ளி கால்நடை டாக்டரிடம் காட்டிக் காலைக் காப்பாற்றினாள். அம்மா தெருநாயாக இருக்கலாம். அப்பன் ஏதோ பங்களாவில் இருந்த சடைநாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவ்வளவு வெள்ளை முடி. அதில் பாதி உடம்பில் இருக்கும், மீதி வீட்டில் இருக்கும். தலையணையில், தயிரில், முத்துக்குமாரின் மூக்குக்கண்ணாடியில் எங்கும் முடி. ஒரு முறை அவர்கள் வீட்டு இட்லியில் இருந்து நான் எடுத்த முடியைக் காட்டினேன். "நாய் முடி மருந்துடீ, தின்னு" என்றாள்.

அந்த மருந்து கம்பெனிக்கும் வந்தது. மார்கழி மாதம் ஒரு காலையில் கறுப்பு டேங்க் ஒன்று என் கைக்கு வந்தபோது, மேல் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக ஒரு முடி வளைந்து படுத்திருந்தது. எனக்கு அது யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. ஒதுக்கினேன். என்ன செய்வது, என் வேலை அதுதான். மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் ஒரே ஷிப்டில் இரண்டு.

சூப்பர்வைசர் சௌந்தரராஜன் சார் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் பயம். அக்காவைக் கூப்பிட்டு, பூத் வாசலில் ஒட்டுத்தாள் ஒன்றை அவள் சட்டைக் கையில் அழுத்தி எடுத்துக் காட்டினார். தாள் முழுக்க வெள்ளை முடி.

"வீட்ல நாய் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"தை கடைசில கஸ்டமர் ஆடிட் வர்றாங்க. அன்னிக்கு வாசல்ல எல்லாரையும் இதே மாதிரி தாள் ஒட்டிப் பாப்பாங்க. முடி இருந்தா உள்ள விடமாட்டாங்க, அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் உங்களைப் பூத்துல நிறுத்த முடியாது. நாயை யாருக்காவது குடுத்துருங்க. இல்லைன்னா பேக்கிங் போங்க. ரெண்டுல ஒண்ணு."

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "ரெண்டையும் விடமாட்டேன் சார். முடியைத்தான் விடுவேன்" என்றாள்.

"எப்படி?"

"அதைப் பெறவு சொல்லுதேன்."

பஸ்ஸில் வரும்போது நான்தான் வழி தேடினேன். வேப்பனப்பள்ளியில் என் அம்மா வீட்டு மாந்தோப்பில் விட்டுவிடலாம், அங்கே நாய் இஷ்டத்துக்கு ஓடித் திரியும் என்று சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஹைவே லாரியெல்லாம் நின்றிருக்கும். "ஒன் புருசன் கொறட்டை விடுதாருன்னு மாந்தோப்புல கொண்டு விடுவியாடீ?" என்றாள். பின் சீட்டில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

விளக்குமாற்றால் பெருக்கினால் முடி முன்னால் பறந்து பின்னால் உட்காரும். ஈரத்துணியால் துடைத்தால் கயிறு கயிறாகத் திரண்டு மூலையில் ஒட்டிக்கொள்ளும். ஜமக்காளத்தில் ஏறிய முடியோ நெய்யும்போதே சேர்த்து நெய்தது மாதிரி, உதறினாலும் வராது. வாக்வம் கிளீனர் வாங்குவது என்று முடிவானது. முடிவு செய்தது இருவரும். வாங்கப் போனது முத்துக்குமார் மட்டும், அதுவும் அக்காவுக்குத் தெரியாமல், திடீரென்று கொண்டுவந்து அசத்த வேண்டுமாம்.

முத்துக்குமாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவரைப் போல சி.என்.சி. மெஷினில் இரும்பு கடைகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. எது அழுக்கானாலும் ஏர் அடிப்பார்கள். மெஷினில் தூள் இருந்தால் காற்றுக் குழாயை எடுத்துப் புஸ்ஸென்று அடி. சட்டையில் தூசி இருந்தால் அடி. ஷிப்ட் முடிந்தால் ஒருவர் முதுகுக்கு ஒருவர் அடி. தூசி எங்கே போகிறது என்று கேட்க மாட்டார்கள். தங்கள் மெஷினில் இல்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவரைக் கடைக்குத் தனியாக அனுப்பக் கூடாது.

பெரிய டிரம் மாதிரி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். கார் கழுவுகிற இடங்களில் இருக்குமே, அது. கடையில் இரும்புக் குண்டை உறிஞ்சிக் காட்டினார்களாம். அதைவிட அவர் மயங்கியது பின்பக்கம் இருந்த இன்னொரு ஓட்டையில். குழாயை அதில் மாட்டினால் காற்றை உறிஞ்சாது, ஊதும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். நான் எங்கள் மாடி வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் முத்துக்குமார் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, குழாயை ஊதுகிற ஓட்டையில் மாட்டி, மெஷினைப் போட்டார். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அலமாரி இடுக்கில் பூரி வீட்டுக்கு வந்தது முதல் உதிர்த்த முடியெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து வெளியே வந்தது. வாசல் வழியாக என் வீட்டுக்குள் போனது. என் ஈரத்துணியில் ஒட்டியது. கொடியில் தொங்கிய அக்காவின் இன்னொரு யூனிபார்மில் முன்னும் பின்னும் ஒட்டியது.

"அண்ணா, நிறுத்துங்கண்ணா! இன்னா பண்றீங்க?" என்று நான் கத்தினேன்.

"பாரு தங்கமணி, வீடு எப்படி ஆச்சுன்னு!" என்றார் பெருமையாக. அவர் வீடு சுத்தமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன், பூரியைக் காணவில்லை. லாரி பிரேக் விடும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிற நாய் அது. அதே சத்தத்தை, கட்டிலுக்கு அடியிலேயே குழாயை விட்டு எழுப்பினால் என்ன செய்யும்? படியிறங்கி, கேட்டைத் தாண்டி, ஹைவேப் பக்கம் ஓடியிருந்தது.

முத்துக்குமார் செருப்புகூடப் போடாமல் ஓடினார். நான் அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் யூனிபார்மோடே ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். சர்வீஸ் ரோடு முழுக்க "நாயி நோடிதிரா? பிளி நாயி, குண்ட்டு காலு" என்று, நொண்டிக் கால் வெள்ளை நாயைப் பார்த்தீர்களா என்பதைத் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டுக்கொண்டு போனாள். பஞ்சர் கடைக்காரர் கை காட்டினார், டீக்கடைக்காரர் வேறு பக்கம் கை காட்டினார். எனக்கு அழுகை முட்டியது. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிற அந்த ரோட்டில் ஒரு நொண்டி நாய் எத்தனை நேரம் தாங்கும்?

அக்கா இரண்டு பக்கமும் விட்டுவிட்டு, பூரியைக் கண்டெடுத்த அதே தள்ளுவண்டிக்கு நேராகப் போனாள். வண்டிக்கு அடியில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், பூரி சுருண்டு கிடந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். முத்துக்குமார் கொஞ்சம் தள்ளி நின்றார். பக்கத்தில் வரத் தைரியம் இல்லை.

"நீங்க ஏன் ஊதுனீங்க?" என்று அக்கா கேட்டாள். கத்தவில்லை.

"சுத்தம் பண்ணத்தான் ராஜி."

"எங்க பூத்துக்குள்ள எவனாவது தூசியைப் பாத்து ஊதுனா, அவனைத்தான் மொதல்ல வெளிய தள்ளுவாங்க. முடி பறக்கக் கூடாதுங்க. பறக்கும் முன்னாடி பிடிக்கணும்." சொல்லிவிட்டுச் சற்று நேரம் பூரியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கைநிறைய முடி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தரைக்கு வந்த பெறவு நாம தேடிட்டிருக்கோம்" என்றாள்.

அந்த வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவள் பேச்சு முழுக்க வாக்வம் கிளீனர்தான். வீட்டில் நாய் இருக்கிற கம்பெனிப் பெண்கள் ஒருத்தியையும் விடவில்லை. ஒருத்தி வீட்டு மெஷினில் உருளும் பிரஷ்ஷில் முடி சுற்றிக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி வீட்டில் முடியை இழுத்துவிட்டு நுண்ணிய தூசியைப் பின்பக்கம் கக்குகிறது. பாகலூரில் இருந்து வரும் பெண்ணின் மெஷினை இழுத்துக்கொண்டு படியேறவே ஒரு ஆள் வேண்டும், அதனால் அது மூலையில் கிடக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கிளம்பினாள். உதறாத ஜமக்காளத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். இன்னொரு கையில் பூரியின் கயிறு.

"நாயையுமா கூட்டிக்கினு போறது?" என்றேன்.

"அதுக்குத்தான வாங்குதோம்? அது பாக்க வேண்டாமா?"

கடையில் அன்புமணி என்றொரு சேல்ஸ்மேன். கழுத்தில் டேக், முகத்தில் புன்னகை. நாயைப் பார்த்ததும் டேக் மட்டும்தான் மிச்சம்.

"மேடம், நாய் உள்ள வரக் கூடாதுங்க."

"அப்ப மெஷினை வெளிய கொண்டாங்க" என்று அக்கா வாசல் பக்கத்து டைல்ஸில் ஜமக்காளத்தை விரித்துவிட்டாள். அது எங்கள் பக்கத்து வழக்கம் இல்லை, கோவில்பட்டி வழக்கமும் இல்லை, பெயிண்ட் ஷாப் வழக்கம். எந்தப் பெயிண்டையும் டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி எடுக்க மாட்டாள். தன் டேங்க் ஒன்றில் அடித்துப் பார்த்துத்தான் எடுப்பாள்.

அன்புமணி முதலில் அரிசியைத் தூவி உறிஞ்சிக் காட்ட வந்தான். "எங்க வீட்ல அரிசி சிந்துனா நானே அள்ளிருவேன் தம்பி. இந்த முடியை எடுத்துக் காட்டுங்க" என்றாள். விலை உயர்ந்தது ஒன்றைப் போட்டான். ஜமக்காளத்தையே வாய்க்குள் இழுத்துக்கொண்டு அலறியது. முடி அப்படியே இருந்தது. பூரி கயிற்றை இழுத்துக்கொண்டு என் காலைச் சுற்றியது. அடுத்தது தானாகவே ஓடுகிற வட்ட ரோபோ. அது ஜமக்காளத்தின் குஞ்சத்தை விழுங்கிவிட்டு அங்கேயே திணறி நின்றது. பூரிக்கு அதைப் பார்த்து வீரம் வந்து, குரைத்துத் தீர்த்தது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்புமணி வேர்த்துப் போனான்.

மூன்றாவது, கையில் பிடிக்கிற கம்பு மாதிரி ஒன்று. சார்ஜ் போடுவது, ஒயர் கிடையாது. பிரஷ்ஷில் முள்ளுக்குப் பதில் மெல்லிய ரப்பர்ப் பட்டை. அக்காவே வாங்கி ஜமக்காளத்தில் மெதுவாக இழுத்தாள். இழுத்த இடம் மட்டும் நீலக்கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. ஜமக்காளம் நீலம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பிரஷ்ஷைக் கழற்றிப் பார்த்தாள். முடி சுற்றவில்லை. டப்பாவை, வடிகட்டியைக் கழுவலாமா என்று கேட்டாள். மெஷின் ஓடும்போது பின்பக்கக் காற்றில் தன் கறுப்பு ஹேண்ட்பேக்கைக் காட்டி, தூசி படிகிறதா என்று பார்த்தாள். கடைசியாகப் பூரியைப் பார்த்தாள். அது காதை மட்டும் நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நாய் முடி சீவுற மாதிரி ஏதாவது மாட்டலாமா இதுல?"

"அதுக்குத் தனியா ஒரு பிரஷ் வருது மேடம். நேரா ஒடம்புலயே வச்சு எடுக்கலாம். ஆனா யாரும் வாங்க மாட்டாங்க."

"அதை மொதல்ல எடுங்க" என்றாள் அக்கா.

டிரம் மெஷின், முத்துக்குமாருக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இரும்புத்தூளைப் பார்த்து அது இஷ்டம்போல ஊதிக்கொண்டிருக்கிறது.

வாங்கியது பெரிய விஷயம் இல்லை. பூரி அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமே? முதலில் ஓடாத மெஷினைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு அடுத்த அறையில் ஓடவிட்டு, இந்த அறையில் பொறை பிஸ்கட் கொடுத்தார்கள். இந்த வேலையை எல்லாம் எடுத்துக்கொண்டது முத்துக்குமார். பாவ நிவர்த்தி என்று நான் கேலி செய்வேன். அவர் தரையில் உட்கார்ந்து, வெறும் பிரஷ்ஷால் பூரியைச் சீவிக்கொண்டிருப்பார். யூனிபார்ம் என் வீட்டுக்கு மாறியது. என் பீரோவில் ஜிப் வைத்த உறையில் தொங்கும். அக்கா காலையில் வந்து என் வீட்டில் உடுத்திக்கொண்டு, தன் வீட்டு வாசலை மிதிக்காமல் படியிறங்குவாள். பூரி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று முனகும். "சாயந்தரம் வாரேன்டா தங்கம்" என்று எட்ட நின்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் குரல் இறங்கிப் போகும். அது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பொங்கல் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பூரி அதற்கு முன்னால் ஒருக்களித்துப் படுத்துக் காலை நீட்டியிருந்தது. அக்கா அதன் விலாவில் பிரஷ்ஷை ஓட்டினாள். டப்பாவுக்குள் வெள்ளையாக முடி சுழன்றது. ஒரு பக்கம் முடிந்ததும் நாய் தானாகவே எழுந்து, மறுபக்கம் திரும்பிப் படுத்தது. முத்துக்குமார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், எல்லாம் தன் சாமர்த்தியம் என்பதுபோல.

ஆடிட் நாள் வந்தது. வாசலில் கஸ்டமர் கம்பெனி ஆள் ஒருவர் ஒட்டுத்தாள்களோடு நின்றார். ஒவ்வொருவர் சட்டையிலும் அழுத்தி எடுத்து, பெயர் எழுதி, வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு முன்னால் அக்கா. சௌந்தரராஜன் சார் சுவரோரம் நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ கல்யாண வீட்டில் சந்தனம் பூசக் கை நீட்டுகிறவள் மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். கை, நெஞ்சு, முதுகு, தோள் என்று எல்லா இடத்திலும் ஒட்டி எடுத்தார்கள். தாளைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"நத்திங். உள்ள போங்கம்மா."

அடுத்தது நான். என் தாளில் ஒரு நீள முடி இருந்தது. என் சொந்த முடிதான். "கேப்பை நல்லா இறக்கிப் போடுங்க" என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பி, இறக்கிப் போட்டு வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஸ்ப்ரே கன்னை எடுத்தாள். அன்றைக்கு அவள் அடித்த கறுப்பு டேங்க் ஒன்றையும் நான் ஒதுக்கவில்லை. ஒதுக்க எதுவும் இல்லை.

ஷிப்ட் முடிந்ததும் சௌந்தரராஜன் சார், காலையில் அவள் பெயர் எழுதிய அந்த ஒட்டுத்தாளை அவளிடம் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்கம்மா. நான் ரெண்டுல ஒண்ணுன்னு சொன்னேன். நீங்க கேக்கல, நல்லதாப் போச்சு" என்றார்.

அக்கா என் வீட்டுக்கு வந்து யூனிபார்மை மாற்றி உறையில் போட்டாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் திறந்தாள். நானும் பின்னாலேயே போனேன். பூரி நொண்டிக்கொண்டே ஓடிவந்து அவள்மேல் ஏறியது. அவள் தரையில் உட்கார்ந்து, "பாருடா, பாரு. உன் முடி ஒண்ணுகூட இல்ல. உன்னை எங்கயும் அனுப்பப் போறதில்ல" என்று தாளை அதன் மூக்குக்கு நேரே நீட்டினாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதமாக அவள் எவ்வளவு பயந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பூரி தாளை முகர்ந்தது. மூக்கு ஒட்டிக்கொண்டது. தலையை உதறி விடுவித்துக்கொண்டதில், வெறுமையாக இருந்த தாளில் மூன்று வெள்ளை முடி ஒட்டியிருந்தது.

"போச்சு, பூத்துக்குள்ள விடமாட்டாங்க" என்றார் முத்துக்குமார்.

"இது வீட்டுத் தாளுங்க. இதுல இருக்கலாம்" என்று சொல்லி, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டினாள்.